ஆற்றில் விட்ட பட்டயம்

ஆற்றங்கரை மேட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். மயில் தோகையார் தலைவர். முள்ளம்பன்றி கூரன் செயலாளர். மந்தி கருமுகி காப்பாளர்.

சங்கத்தின் வேலை நல்ல வேலை. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட குட்டிகள், தாயைத் தொலைத்த குட்டிகள், காட்டுத்தீயில் தப்பிய குட்டிகள் எல்லாம் அந்த மேட்டில்தான் வளர்ந்தன. ஒரு மான்குட்டி இருந்தது. முயல்குட்டிகள் இருந்தன. இன்னும் கண் திறக்காத கீரிக்குட்டி ஒன்றும் இருந்தது. அதற்குப் பால் கொடுக்க ஒரு வரையாடு தினமும் மலையிறங்கி வந்தது. யாரும் யாரிடமும் கூலி கேட்கவில்லை.

மேட்டின் மேற்குப் பக்கம் உயரம். அங்கே ஒரு பாறைக் குகை. மழை வந்தாலும் சிறுத்தை வந்தாலும் குட்டிகள் அதற்குள் ஓடிவிடும். கிழக்குப் பக்கம் சரிவு. சரிந்து சரிந்து ஆற்றில் போய் முடியும். ஒரு நாவல் மரம், கொஞ்சம் புல், அவ்வளவுதான். ஆறு பெருகினால் புல்லும் தண்ணீருக்குள் போய்விடும்.

இந்த மேட்டைச் சங்கத்துக்குக் கொடுத்தது பழைய சிங்க ராஜா. வாய்ச்சொல்லாகக் கொடுக்கவில்லை. பனையோலையில் பட்டயம் எழுதச் செய்து, ஓரத்தில் தன் நகத்தால் கீறிக் கொடுத்தார். கிழக்குப் பாதிக்கு ஓர் ஓலை. மேற்குப் பாதிக்கு ஓர் ஓலை. அந்த ராஜா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. இப்போதைய ராஜாவுக்கு மேடும் தெரியாது, குட்டிகளும் தெரியாது. ஓலை ஒன்றுதான் சாட்சி.

ஓலைக்கு ஆயுசு குறைவு. பூச்சி அரிக்கும். ஓரம் ஒடியும். இது சங்கத்தைத் தொடங்கியவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள். ஆடிப்பெருக்கு வரும்போது ஓலைப்பெட்டியைத் திறக்க வேண்டும். நைந்த ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் படி எடுக்க வேண்டும். ஒருவர் பழையதை உரக்க வாசிக்க, இன்னொருவர் புதியதில் ஒத்துப் பார்க்க வேண்டும். நீதிபதி யானையிடம் காட்டித் தும்பிக்கை முத்திரை வாங்க வேண்டும். ஒரு படி பெட்டிக்கு, இன்னொரு படி மலைமேல் இருவாச்சிப் பறவையின் மரப்பொந்துக்கு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பழைய ஓலைக்கு மஞ்சள் தடவி, நன்றி சொல்லி, ஆற்றில் விட வேண்டும்.

நல்ல வழக்கம்தானே? ஆனால் படி எடுப்பது சலிப்பான வேலை. கண் எரியும். முதுகு வலிக்கும். பார்த்துக் கைதட்ட ஆள் கிடையாது. ஆற்றில் விடுவதோ அழகான வேலை! மரங்கொத்தி மேளம் கொட்டும். வந்தவர்களுக்கெல்லாம் காப்பரிசி கிடைக்கும். தோகையார் ஆடுவார்.

வருஷத்துக்கு வருஷம் சலிப்பான வேலை சுருங்கியது. அழகான வேலை பெருத்தது. கடைசியில் ஆற்றில் விடுவது மட்டுமே மிஞ்சியது. அதற்கு 'ஓலை விழா' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சாமியை மறந்து சப்பரத்தை மட்டும் இழுத்த கதைதான்!

கூரனுக்கு இது தெரியாமல் இல்லை. படி எடுக்க வேண்டியவனே அவன்தான். எழுத்தாணி அவன் முதுகிலேயே முளைத்திருந்தது. ஆனால் தானாக உதிர்ந்த முள் மழுங்கியிருக்கும், ஓலையில் ஏறாது. கூரான முள் வேண்டுமென்றால் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கினால் வலிக்கும்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான். நாளை வந்தால், அந்த நாளைக்கும் ஒரு நாளை இருந்தது.

இந்த வருஷமும் விழாவுக்கு முன்பு சங்கக் கூட்டம் நடந்தது. தோகையார் தோகையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"படி எடுக்கிற வேலை எந்த மட்டுல இருக்கு, செயலாளரே?"

"நடந்துக்கிட்டு இருக்கு, தலைவரே!"

"பேஷ்! அடுத்து, மாலை யார் கட்டறது?"

'நடந்துக்கிட்டு இருக்கு' என்ற சொல்லைவிட ஆபத்தான சொல் அந்தக் காட்டில் கிடையாது. கேட்டவர் அதை 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டார். சொன்னவனுக்கோ அது தொடங்கவே இல்லை என்று தெரியும். இரண்டு பேருக்கும் நிம்மதி!

கருமுகிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கீரிக்குட்டியை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்.

"கூரண்ணே! பெட்டியில எந்தக் கட்டு எதுன்னு ஒரு சீட்டாவது கட்டி வைக்கக் கூடாதா? எல்லாம் ஒரே மாதிரி கருப்பா இருக்கு. நாளைக்கு ஒரு அவசரம்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், கருமுகி! கண்ணக் கட்டிவிட்டாக்கூட எடுத்துக் குடுப்பேன்!"

"சரி, நீங்க இல்லேன்னா?"

"நான் எங்க போகப்போறேன்?"

அவன் எங்கும் போகவில்லை. விழா நாள் காலையில் மஞ்சள் கிழங்கு தோண்டப் போனான், அவ்வளவுதான். மஞ்சள் போதவில்லை என்று தோகையார்தான் அனுப்பினார். நல்ல நேரம் தாண்டிவிடப் போகிறதே என்று தோகையாருக்குப் பதற்றம். கூரன் வரும்வரை காத்திருக்காமல் பெட்டியைத் தானே திறந்தார்.

உள்ளே சில கட்டுகள் இருந்தன. எதிலும் பெயர் இல்லை. சில புதுசாக, மொழுமொழுவென்று இருந்தன. ஒரு கட்டு மட்டும் பூச்சி அரித்து, ஓரம் ஒடிந்து, தொட்டால் தூள் கொட்டியது. தோகையார் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"அன்பர்களே! பழசைச் சுமந்தால் முதுகு வளையும்! புதுசைச் சுமந்தால் நெஞ்சு நிமிரும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். மரங்கொத்தி மேளத்தை முழக்கியது.

"கயித்த அவுத்து விடுங்க! கட்டாப் போனா ஒரே இடத்துல முங்கிடும். ஒவ்வொண்ணா மிதந்தாத்தான் அழகு!"

கயிற்றை அவிழ்த்தார்கள். மஞ்சள் தடவினார்கள். ஓலைகள் ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கின. வெயிலில் பளபளத்துக்கொண்டு போயின. அழகாகத்தான் இருந்தது!

கூட்டத்தில் ஓர் ஓரமாக ஒரு கழுதைப்புலி நின்றிருந்தான். பெயர் எலும்பன். அந்தக் குகைமேல் அவனுக்கு நெடுநாள் கண். ஆடவும் இல்லை, கைதட்டவும் இல்லை, காப்பரிசியைத் தொடவும் இல்லை. ஓலைகளை மட்டும் பார்த்தான். ஓர் ஓலையின் ஓரத்தில் சிங்க நகக்கீறல் இருந்தது. அதற்கு அடுத்த ஓலையிலும் இருந்தது. விழாவுக்கு வந்தவர்களில் கவனமாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மெல்லப் பின்வாங்கி, நீதிபதி யானை இருக்கும் மூங்கில் காட்டை நோக்கி ஓட்டமாக ஓடினான்.

மத்தியானம் கரிச்சான் குருவி ஒன்று பறந்து வந்தது. அது நீதிமன்றச் சேவகன்.

"எலும்பன் வழக்குப் போட்டிருக்காரு! இந்த மேடு யாருக்கும் பாத்தியப்பட்டதில்லையாம். முதல்ல கேட்டவன் தானாம். நாளைக்கு உச்சிப்பொழுதுல நீதிபதி இங்கயே வந்து விசாரிப்பாரு. பட்டயத்த எடுத்து வைங்க!"

தோகையார் சிரித்தார். "இவ்வளவுதானே! ராஜா குடுத்த பட்டயம் பெட்டியில பத்திரமா இருக்கு. கூரா, எடுத்துக் காட்டு!"

கூரன் பெட்டியைத் திறந்தான். மேலே இருந்த கட்டைப் பிரித்தான். அது போன வருஷத்து வரவேற்புரை. அடுத்ததைப் பிரித்தான். தோகையாரின் ஆட்டத்தைப் புகழ்ந்து குயில் பாடிய வாழ்த்துப்பா. அடுத்தது, யார் யாருக்கு எந்த வரிசையில் மாலை போடுவது என்ற குறிப்பு.

அவன் முதுகில் ஒரு முள் சிலிர்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாம்.

"எங்கண்ணே?" என்றாள் கருமுகி.

"இருக்கு. இங்கதான் இருக்கு." அவன் பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவினான். அடியில் தூள் மட்டும்தான் இருந்தது. "அந்தப் பூச்சி அரிச்ச கட்டு... அது எங்க?"

தோகையாரின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"அது... மிதந்து போச்சே!"

குகை வாசலில் குட்டிகள் கல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. மான்குட்டி மட்டும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிட்டே வந்தது.

"அத்த, நாம எங்கயாவது போகப்போறமா?"

"போகலடா கண்ணு. நீ போய் விளையாடு." கருமுகி அதன் முதுகைத் தட்டி அனுப்பினாள். குகை போனால் இந்தக் குட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு பக்கம் பெருகும் ஆறு. மறு பக்கம் சிறுத்தை நடமாடும் காடு. எலும்பன் எதற்காகக் குகை கேட்கிறான் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோகையார் கூரன்மேல் பாய்ந்தார். "படி எடுத்தாச்சுன்னு சொன்னீரே!"

"எடுத்தாச்சுன்னு எப்ப சொன்னேன்? நடந்துக்கிட்டு இருக்குன்னுதான் சொன்னேன்!"

"ஓலையப் படிச்சுப் பாத்து விட்டிருக்கணும்!"

"நீங்கதானே விட்டீங்க!"

"போதும்!" என்று கத்தினாள் கருமுகி. "சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க! மலைமேல இருவாச்சிகிட்ட ஒரு படி இருக்குமே! முதல்ல அதப் போய் வாங்கிட்டு வாங்க!"

இருவாச்சி! இரண்டு பேருக்கும் உயிர் திரும்பி வந்தது. தோகையார் கிளைக்குக் கிளை தாவிப் பறந்தார். கூரன் மூச்சிரைக்க மலையேறினான். முள்ளெல்லாம் புதரில் மாட்டி இழுத்தது. பரவாயில்லை. எந்தக் காலத்திலோ யாரோ புத்திசாலிகள் இப்படி ஓர் ஏற்பாடு செய்துவைத்தார்களே என்று அவர்களை வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டே போனான்.

இருவாச்சி பெருமையோடு வரவேற்றது. "வாங்க, வாங்க! உங்க கட்டு என்கிட்ட கல்லு மாதிரி இருக்கு. ஒரு எறும்ப அண்ட விட்டதில்ல!"

பொந்தின் வாயை மண் பூசி அடைத்திருந்தது. அலகால் தட்டி உடைத்தது. உள்ளே கட்டு புத்தம்புதிதாக இருந்தது. கூரன் முடிச்சை அவிழ்த்து வாசித்தான்.

"ஓலை விழா நிகழ்ச்சி நிரல். காலையில் வரவேற்பு. அடுத்து தலைவர் நாட்டியம். அடுத்து காப்பரிசி..."

அவன் நிறுத்திவிட்டான்.

"இதுக்கு முன்னால ஒரு கட்டு குடுத்திருந்தமே! பட்டயத்தோட படி!"

"குடுத்தீங்க. அப்புறம், 'அந்தப் பழசக் குடு, இந்தப் புதுச வெச்சுக்க'ன்னு மாத்திட்டும் போனீங்க. அதையும் ஒரு விழாவுல ஆத்துலதான் விட்டீங்க. நானும் வந்து பாத்தேனே, நல்லா இருந்துச்சு!"

கூரன் தோகையாரைப் பார்த்தான். தோகையார் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"ஒரு தடவையாவது நீங்க பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கூரன் கேட்டான்.

"நான் காவக்காரன், தம்பி. வெச்சத வெச்சபடி குடுப்பேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டியது வெச்சவங்கதானே?"

கட்டை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். அன்றைக்கு மேட்டில் குட்டிகளைத் தவிர யாரும் கண்ணை மூடவில்லை. அக்கரையில் எலும்பன் அவ்வப்போது சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சிரிப்புக்கும் கருமுகி குட்டிகளை ஒருமுறை எண்ணினாள்.

விடிந்ததும் கூரனும் தோகையாரும் ஆற்றோரமாகவே கீழே போனார்கள். ஒவ்வொரு நாணல் புதரையும் விலக்கிப் பார்த்தார்கள். நண்டுகளைக் கேட்டார்கள். கொக்குகளைக் கேட்டார்கள். 'மஞ்சள் தடவின ஓலையா? போச்சு, போச்சு!' என்று எல்லோரும் ஆறு போகும் பக்கம் காட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கூரன் நிமிஷத்துக்கு ஒருமுறை சூரியனைப் பார்த்தான்.

அருவிக்குக் கொஞ்சம் மேலே, பாறை இடுக்கில் ஒரு நீர்நாய் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரன் பெயர் வழுக்கன். வீட்டைப் பார்த்ததும் கூரன் அப்படியே நின்றுவிட்டான். கூரை முழுக்கப் பனையோலை!

"நல்ல ஓலைங்கண்ணே!" என்றான் வழுக்கன். "வருஷா வருஷம் ஆடியில தவறாம வருது. மேல யாரோ மகராசங்க விடறாங்க!"

கூரன் அண்ணாந்து பார்த்தான். சங்கத்தின் சட்டதிட்டம் அங்கே இருந்தது. வரையாட்டுடன் செய்த பால் ஏற்பாடு அங்கே இருந்தது. எந்தக் குட்டி எங்கே கிடைத்தது, யார் தாய் என்று எழுதிய ஓலையும் இருந்தது, பாதி செல்லரித்து. மழைக்கு ஒழுகாத கூரை. எடுத்து வாசிக்கத்தான் நேரமில்லை.

"நேத்து வந்த ஓலை எங்க?" என்று தோகையார் அலறினார்.

"நேத்தா? அதோ, பசங்க வெச்சிருக்காங்க."

நீர்நாய்க்குட்டிகள் ஓர் ஓலைமேல் உட்கார்ந்து சேற்றில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. கூரன் பாய்ந்து பிடுங்கினான். குட்டிகள் ஓவென்று அழுதன. ஓலை முழுக்கச் சேறு. மை போய்விட்டது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓரத்தில் நகக்கீறல் இருந்தது!

"பட்டயம்! தலைவரே, பட்டயம்!"

"இன்னொண்ணு? பட்டயத்துல ரெண்டு ஓலை இருக்குமே!"

வழுக்கன் தலையைச் சொறிந்தான். "கூடவே ஒண்ணு வந்துச்சுங்க. தாவிப் பிடிக்கத்தான் பாத்தேன். தள்ளித் தள்ளி வந்துச்சா, ஒண்ணப் பிடிக்கிறதுக்குள்ள மத்தது அருவியில விழுந்துடுச்சு. கட்டா வந்திருந்தா ரெண்டையும் அள்ளியிருப்பேன்."

தோகையார் அருவிக்குக் கீழே பறந்து போய்த் தேடினார். நுரைதான் இருந்தது. நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். சூரியன் உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கிடைத்த ஓர் ஓலையைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள்.

மேட்டில் நீதிபதி யானை வந்து நின்றிருந்தார். எலும்பன் குகை வாசல் நிழலில் சுகமாகப் படுத்திருந்தான். குட்டிகள் எல்லாம் கருமுகியின் பின்னால் ஒண்டியிருந்தன.

"பட்டயம்?" என்றார் யானை.

கூரன் ஓலையை நீட்டினான். "ஒண்ணுதான் கெடச்சது, ஐயா."

"எழுத்தே தெரியலையே! கிழக்கா, மேற்கா?"

கூரனுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன் என்றவனுக்குக் கண் திறந்திருந்தும் தெரியவில்லை.

"எழுத்து போகாதுங்கய்யா!" என்றாள் கருமுகி அவசரமாக. "கீறின எழுத்து. மைதான் போயிருக்கு!"

அவளே ஓடிப்போய்க் கோவையிலை பறித்தாள். கரித்துண்டை நசுக்கி, இலைச்சாற்றில் குழைத்து, ஓலைமேல் தேய்த்தாள். தேய்க்கும்போதே உதடு முணுமுணுத்தது. 'மேற்கா இரு தாயே! மேற்கா இரு! குகை இருக்கிற பக்கமா இரு!' கூரன் ஓலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். எலும்பன்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கரி கோடுகளில் இறங்கியது. எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. தோகையார் குனிந்து வாசித்தார்.

"மேட்டின்... கிழக்குப் பாதி... நாவல் மரம் உட்பட... ஆற்று நீர் வரை..."

கருமுகி குகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேற்குப் பாதிக்கு முத்திரை போட்ட படி இருக்கா?" என்று யானை கேட்டார். "ஒரு காலத்துல வருஷம் தவறாம படி எடுத்துட்டு முத்திரைக்கு வருவீங்க. அப்புறம் விழா அழைப்பு மட்டும்தான் வந்துச்சு."

"ஐயா!" என்று கருமுகி கும்பிட்டாள். "குகையும் குட்டிங்களோடதுன்னு காடு முழுக்கத் தெரியும்! உங்களுக்கும் தெரியும்!"

"தெரியும்மா. நல்லாத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சத வெச்சு இன்னிக்கு உனக்குத் தீர்ப்பு சொன்னா, நாளைக்கு இன்னொரு நீதிபதி எலும்பன் சொல்றத வெச்சு அவனுக்குத் தீர்ப்பு சொல்லுவாரு. அதுக்காகத்தானே ஓலையில எழுதி வெச்சாங்க?"

யானையின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் தீர்ப்பைச் சொன்னார். கிழக்குப் பாதி சங்கத்துக்கு. பட்டயம் இல்லாத நிலம் முதலில் கேட்டவனுக்கு என்பது காட்டுச் சட்டம்; அதனால் மேற்குப் பாதி எலும்பனுக்கு.

எலும்பன் சிரிக்கவில்லை. இனி அவன் சிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. குட்டிகள் ஒவ்வொன்றாகக் குகையை விட்டு வெளியே வருவதை, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு பார்த்திருந்தான். கடைசியாகக் கருமுகி கீரிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது இன்னும் கண் திறக்கவில்லை. பழகிய பாறையின் வாசனை விலகுவதை உணர்ந்து கீச்சிட்டு அழுதது.

நாவல் மரத்தடியில் கூரன் உட்கார்ந்தான். முதுகை வளைத்துக் கூரான முள்ளாகப் பார்த்துத் தானே பிடுங்கினான். இரத்தம் வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. மிஞ்சிய ஓலையைப் படி எடுக்கத் தொடங்கினான். தோகையார் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தார். கருமுகி சீட்டில் 'கிழக்கு மேடு, பட்டயம்' என்று எழுதிக் கட்டினாள். ஒரு படி யானையிடமே இருக்கட்டும் என்றும், இருவாச்சி வீட்டுக் கட்டை மாதம்தோறும் பிரித்துப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டார்கள். வழுக்கன் வீட்டுக் கூரைக்கு வேறு ஓலை வேய்ந்து கொடுத்து, அங்கிருப்பதைப் படி எடுக்க வேண்டும் என்றும் முடிவானது. எல்லாம் சரியான முடிவுகள். விழாவுக்கு முன்னாலேயே எடுத்திருந்தால் குகை இருந்திருக்கும்.

ஆடி வெள்ளம் இன்னும் வடியவில்லை. புல்லின் நுனியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. மான்குட்டி அதைப் பார்த்தபடியே கேட்டது.

"அத்த, தண்ணி இன்னும் ஏறினா நாம எந்தக் குகைக்குப் போவோம்?"

கூரனின் கை நின்றது. தோகையார் வாசிப்பதை நிறுத்தினார். கருமுகி மான்குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உயிர்காக்கும் ஆவணத்தைப் பெயரிட்டு அடுக்காமலும், படி எடுத்துச் சரிபார்த்து வேறோர் இடத்தில் வைக்காமலும் இருப்பவர், பகைவன் வருமுன்பே தம்மை நம்பியவர்களின் வீட்டைத் தாமே ஆற்றில் விட்டவர் ஆவார்.